ஓடுமா, ஓடாதா?

கடைத்தெருவிற் பொருள் வாங்கப் புகுவோர் பலவற்றைக் கண்ணாற் கண்டும் கையால் தொட்டும் மதிப்பிட்டுக்கொள்ளுகின்றனர். மண்பானையைச் சுண்டிப் பார்த்து, எழும் ஒலியைக்கொண்டே விரிசல் உண்டா இல்லையா என்று தெளிகிறார்கள். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதறிகிறார் உழவர். கணினி வாங்கப் புகுவோனுக்கோ இத்தகைய சோதனை எளிதிற் கைவருவதில்லை. பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டிலே இத்தனை கோர், இத்தனை கிகாஹெர்ட்ஸ், இத்தனை ஜி.பி. என்று எண்கள் எழுதியிருக்கும். எண் பெரிதாயிருப்பின் யந்திரமும் பெரிதென்று எண்ணி, கேட்ட விலையைக் கொடுத்து வருகிறோம். கடிதம் எழுதுதல், கணக்குப் போடுதல், படம் பார்த்தல் முதலிய சாதாரண காரியங்களுக்கு இவ்வளவு அறிவே போதும். ஏனெனில் அக்காரியங்களுக்கு இன்றைய யந்திரங்களில் ஏறக்குறைய எதுவும் போதும். ஆனால் ஒரு வேலை உண்டு; அதன்முன் சீட்டிலுள்ள எண்கள் பெரும்பாலும் பொய்த்துப்போகும். பழைய ஆட்டப்பெட்டி ஒன்றின் வேடத்தைக் கணினி பூண்டு, அப்பெட்டிக்கென்றே செய்யப்பட்ட வீடியோ ஆட்டங்களைத் தங்குதடையின்றி நடத்திக்காட்டும் வேலையே அது. அவ்வேடத்தைப் புனைவிக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர்.

ஆட்டத்தைப் பற்றிய பேச்சு ஒரு கலாசாலைச் சஞ்சிகைக்குத் தகுமோ என்று ஐயுறுவோர் இருக்கலாம். அன்னார்க்கு யான் சொல்வது ஒன்றே. ஒரு யந்திரத்தை வேலை வாங்கிப் பார்த்து அதன் தகுதியை அறிதல் எவ்வாறு என்னும் வினாவை இவ்வளவு தெளிவாக நம்முன் வைக்கும் பொருள் வேறொன்றை யான் கண்டதில்லை.

2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் தமக்கையின் மகன் இவ்வினாவோடு என்னிடம் வந்தான். அவன் தந்தையார் சார்ஜாவிலே பல ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவர். 2006-ஆம் ஆண்டு ஊர் வந்தபோது பிளேஸ்டேஷன் 2 என்னும் ஆட்டப்பெட்டி ஒன்றும் சில தட்டுகளும் வாங்கிவந்தார். வருஷத்தில் ஒரு மாதமே வீட்டில் இருக்கக் கிடைத்தவர் அவர். பிந்திய ஆண்டுகளில், அம்மாதத்து இரவுகளெல்லாம் தகப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து கார்ப்பந்தயம் ஆடுவார்கள். பெட்டியின் லென்ஸ் தேய்ந்து, தட்டைப் படிக்காமல் நின்று நெடுநாளாயிற்று. தட்டுகள் பதினொன்றும் கீறலின்றி இருக்கின்றன. தந்தையாரும் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். ஆயினும் இடையில் நேர்ந்த ஒரு நோயினால் வீட்டை விட்டு வெளியே அதிகம் நடமாடுவதில்லை. பையன் மாலைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து 16,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். படிப்புக்கும் உதவ வேண்டும், அந்தப் பதினொரு தட்டுகளும் ஓட வேண்டும், அப்படிப்பட்ட பழைய கணினி ஒன்று வாங்கித் தரவேண்டும் என்பது அவன் வேண்டுகோள். என் தமக்கை, "தம்பி, இந்தப் பணம் வீணானால் மறுபடி சேர இரண்டு வருஷமாகும், நீயே பார்த்துச் சொல்லு" என்று கூறிவிட்டார். எனக்கு இத்துறையில் இருபதாண்டுப் பழக்கம் உண்டு. இருந்தும் அவ்வார்த்தையைக் கேட்டபின் கொஞ்சம் கவலையோடுதான் புறப்பட்டேன்.

கடைக்குச் செல்லுமுன் அவனுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டியிருந்தது. பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. அதன் தலைமைச் செயலியின் வேகம் ஏறத்தாழ 295 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 32 எம்.பி. இன்று அங்காடியில் மிக மலிவாய்க் கிடைக்கும் கணினியும் வேகத்தில் அதனிலும் பத்து மடங்கு. "அப்படியானால் எந்தக் கணினியிலும் ஓடவேண்டுமே, மாமா?" என்றான் அவன். நியாயமான கேள்விதான். பெரும்பாலோர் இவ்விடத்திலேயே வழி தப்புகின்றனர்.

முற்காலத்துச் சென்னையிலே கும்பினி வர்த்தகர்க்கும் நம்மவர்க்கும் இடைநின்று பேசிய துபாஷியை நினைத்துக்கொள்ளுங்கள். துரை ஒரு வார்த்தை சொன்னால், துபாஷி அதைக் கேட்டு, பொருளுணர்ந்து, தமிழில் அமைத்து, மீண்டும் மறுமொழியை வாங்கித் துரையின் பாஷையில் திருப்ப வேண்டும். ஒரு வார்த்தைக்கு அவனுக்குப் பல வார்த்தை வேலை. எமுலேட்டரின் தொழிலும் அதுவே. ஆட்டத்திலுள்ள கட்டளைகள் யாவும் நம் கணினியின் செயலி அறியாத பாஷையில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பெயர்த்துச் சொன்னாலன்றி அது அசையாது. ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பெயர்த்தால் காலம் மிகுதியாய்ச் செல்லுமாதலால், ஒரு பகுதியை ஒருமுறை பெயர்த்து எழுதிவைத்துக்கொண்டு, அது மீண்டும் வரும்போதெல்லாம் எழுதிவைத்ததையே எடுத்து வாசிக்கும் தந்திரத்தை இக்காலத்து எமுலேட்டர்கள் கையாளுகின்றன. இத்தந்திரம் இல்லையேல் பிளேஸ்டேஷன் 2 நம் மேசைமேல் ஓடுவது கனவே.

ஆனால் பிளேஸ்டேஷன் 2 என்னும் பெட்டிக்குள் பேசுவோர் ஒருவர் அல்லர். தலைமைச் செயலி ஒன்று, அதனருகே கணித வேலை செய்யும் துணைகள் இரண்டு, படம் வரையும் சில்லு ஒன்று, ஒலிக்கு ஒன்று, தட்டையும் கைப்பிடிகளையும் கவனிக்க மற்றொன்று. இக்கடைசிச் சில்லு, முந்திய பிளேஸ்டேஷனின் தலைமைச் செயலியேதான். பழைய முதலாளி புதிய வீட்டில் வாயிற்காப்போனாய் அமர்ந்ததுபோல. இத்தனை பேரும் ஒரே வேளையில் பேசுகின்றனர். ஒருவர் சொல்லை மற்றவர் எதிர்பார்த்தும் நிற்கின்றனர். துபாஷி அனைவர் பேச்சையும் ஒழுங்கு பிசகாமல், காலம் தவறாமல் பெயர்த்தாக வேண்டும்.

காலம் தவறாமல் என்றேனே, அதன் அளவையும் சொல்லவேண்டும். திரையில் ஒரு விநாடிக்கு 60 படங்கள் தோன்றி மறைவதால் அசைவு உண்டாகிறது. அப்படம் ஒவ்வொன்றையும் பிரேம் என்பர். ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிவிநாடி. அதற்குள் வேலை முடிந்தால் நலம். முடியாவிடில் அந்தப் பிரேம் தாமதிக்கிறது. இதில் சராசரி என்னும் கணக்குக்கு இடமில்லை. ஒரு நிமிஷத்தில் 3,600 பிரேம்கள். அவற்றுள் 3,500 பாதி அவகாசத்திலேயே முடிந்துவிட்டன என்பதால், எஞ்சிய 100 தாமதமானதைக் கண் மன்னிப்பதில்லை. நூறு அடிகளைச் சரியாய்க் கொட்டிய தவிற்காரன் நூற்றொன்றாவதைத் தவறவிட்டால் கச்சேரியில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அந்த ஒன்றைத்தான்.

கண்ணினும் முந்திக் காது கண்டுகொள்ளும் என்பதையும் பையனிடம் சொன்னேன். பிளேஸ்டேஷன் 2-இன் ஒலி விநாடிக்கு 48,000 துளிகளாய் ஓடுவது. துபாஷி சிறிது பின்தங்கினாலும் அவ்வோட்டம் அறுந்து, கரகரவென்னும் சப்தம் எழும். ஆதலால் எமுலேட்டரைச் சோதிப்போன் ஒலியை அடக்கிவைத்துப் படத்தை மாத்திரம் பார்ப்பது வீண். கடைக்காரர்கள் ஏனோ சோதனையின்போது ஒலிபெருக்கியை இணைப்பதேயில்லை. நாங்கள் காதில் மாட்டும் கருவி ஒன்றைக் கையோடு கொண்டுபோனோம்.

இவ்விடத்தில் சிறிது பழங்கதையும் கூறுதல் தகும். பெட்டியின் வயதைக்கொண்டே அதைப் பாவனை செய்வதன் அருமையை அளக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். 1990-இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் நின்டெண்டோவின் செயலி 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகமுடையது. 1997-இல் வந்த இசட்-ஸ்னெஸ் என்னும் எமுலேட்டர், சில பிழைகளையும் குறுக்கு வழிகளையும் பொறுத்துக்கொண்டு, அந்நாளைய பென்டியம் யந்திரங்களிலேயே அதன் ஆட்டங்களை ஓட்டியது. ஆனால் பியூ என்னும் புனைபெயர் பூண்ட ஒருவர், அப்பெட்டியின் ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு கணத்திலும் செய்வதை அணுவும் பிசகாமல் பாவனை செய்யவேண்டுமென்று பி-ஸ்னெஸ் என்பதை இயற்றினார். அவ்வளவு துல்லியத்துக்கு 3 கிகாஹெர்ட்ஸ் செயலி வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டில் அவரே எழுதினார். பெட்டி அதுவே, ஆட்டமும் அதுவே, கேட்கும் உழைப்பு மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மறுபுறத்தில், 1996-இல் வந்த நின்டெண்டோ 64-ஐ, மூன்றாண்டும் நிரம்பாத 1999 ஜனவரியில் அல்ட்ரா-எச்.எல்.இ. என்னும் எமுலேட்டர் ஓட்டிக்காட்டியது. அது சில்லுகளைப் பாவனை செய்யாமல் ஆட்டத்தின் கருத்தை ஊகித்து வேலை செய்ததனால் அது கூடியது. சேகா சாட்டர்னும் முதற் பிளேஸ்டேஷனும் ஒரே ஆண்டில், 1994-இல், பிறந்தவை. ஆயினும் இரட்டைத் தலைமைச் செயலிகளைக் கொண்ட சாட்டர்ன், எமுலேட்டர் இயற்றுவோரை நெடுங்காலம் வாட்டியது. 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸோ, உள்ளே நம் கணினிகளைப் போலவே பென்டியம் வகைச் செயலி உடையது. உறவு நெருக்கமாயிற்றே என்று எண்ணினால், அதற்கும் நல்ல எமுலேட்டர் வர ஆண்டுகள் பல சென்றன. ஆகவே, "எந்தப் பெட்டி? எந்த எமுலேட்டர்? எந்த ஆட்டம்?" என்று மூன்றும் கேளாமல் ஒரு கணினியை ஓடும் என்றோ ஓடாது என்றோ சொல்லுவோரை யான் நம்புவதில்லை.

நிற்க. நாங்கள் போன கடையில் எங்கள் கைக்கு எட்டுமளவில் யந்திரங்கள் மூன்று இருந்தன. முதலாவது, ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்துக் கழிக்கப்பட்ட மேசைக் கணினி. இன்டெல் நிறுவனத்தார் 2013-இல் வெளியிட்ட ஐ5-4570 செயலி, நான்கு கோர்கள், தனியாகக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது, விலை 9,500 ரூபாய். இரண்டாவது, எட்டுக் கோர்களையுடைய சியான் இ5-2670 செயலியும் தனிக் கிராபிக்ஸ் கார்டும் அமைந்தது, உள்ளே பல வர்ண விளக்குகள், விலை 19,000. மூன்றாவது, ஐ5-8250யு செயலியுள்ள மெல்லிய மடிக்கணினி. விலை இரண்டுக்கும் நடுவே. கடைக்காரர் இரண்டாவதையே புகழ்ந்தார். "சார், நாலு கோர் எங்கே, எட்டுக் கோர் எங்கே? தம்பி இன்னும் மூவாயிரம் புரட்டினால் போதும், இதிலே ஓடாத ஆட்டம் கிடையாது" என்றார். பையன் கண்கள் அவ்விளக்குகளின் மேலேயே இருந்தன.

எங்கள் தட்டுகளில் ஒன்றைப் படியெடுத்து யு.எஸ்.பி. கோலில் கொண்டுபோயிருந்தோம். பி.சி.எஸ்.எக்ஸ்.2 என்னும் எமுலேட்டரை ஏற்றி, அந்தக் கார்ப்பந்தயத்தையே இரண்டாவது யந்திரத்தில் முதலில் ஓட்டினோம். ஆட்டத்தின் முகப்பும், தனியொரு கார் வெறுஞ்சாலையில் ஓடுவதும் அழகாய் நடந்தன. சோதிப்போர் பலர் இவ்வளவில் திருப்தியடைந்து பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவர். பையனிடம், "மாப்பிள்ளை, இருப்பதிலேயே நெரிசலான பந்தயத்தைப் போடு" என்றேன். கார்களெல்லாம் ஒன்றாய்ப் புறப்படும் கணத்தில் காதிலே கரகரப்பு எழுந்தது. நூறாய் இருக்கவேண்டிய வேக வீதம் 82-க்கு இறங்கியது. கடைக்காரர் கணினியின் வேலையளவைக் காட்டும் பக்கத்தைத் திறந்து, "பாருங்கள் சார், செயலியில் ஐந்தில் ஒரு பங்குகூட வேலை நடக்கவில்லை, எமுலேட்டர்தான் சரியில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எட்டுக் கோர்களும் இரண்டிரண்டு பேராய் நடித்துப் பதினாறு என்று கணக்கில் வரும். அவற்றுள் இரண்டு மூன்றே எமுலேட்டருக்கு உழைத்தன. மற்றவை கைகட்டி நின்றன. ஆனால் அவ்விரண்டு மூன்றனுள் ஒன்று மூச்சு விடாமல் உழைத்தும் போதவில்லை. பதினாறு பேரின் சராசரியைக் காட்டும் எண்ணிலே அந்த ஒருவனின் தவிப்பு மறைந்துபோயிற்று.

ஏன் மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது என்று கேட்கலாம். துபாஷியின் வேலையில் ஒரு வாக்கியத்தின் முடிவு தெரிந்தாலன்றி அடுத்ததைத் தொடங்கவியலாது. பத்துத் துபாஷிகளை அமர்த்தினாலும் ஒன்பது பேர் முந்தியவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். படம் வரைதல், கணிதத் துணையின் வேலை என்று சிலவற்றைப் பிரித்துக் கொடுக்கிறது பி.சி.எஸ்.எக்ஸ்.2, அதற்குமேல் பிரிப்பதற்கில்லை. ஆகவே இங்கு வேண்டுவது பல கைகள் அன்று. விரைவான ஒரு கை. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3 இதற்கு ஒருவகையில் விலக்கு. அப்பெட்டியே ஆட்டத்துக்கு ஆறு துணைச் செயலிகளைப் பிரித்துக் கொடுத்ததாகையால், அதைப் பாவனை செய்யும் ஆர்.பி.சி.எஸ்.3-க்குக் கோர்கள் பலவும் பயன்படும். பெட்டிக்குப் பெட்டி நியாயம் வேறு.

விரைவான கை என்றவுடன் கிகாஹெர்ட்ஸை நோக்குவோரும் ஏமாறுவர். 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறிய பென்டியம் 4 செயலிகளை, 2006-இல் 2.4 கிகாஹெர்ட்ஸோடு வந்த கோர் 2 டியோ எளிதில் வென்றது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதும் கணக்கில் வரவேண்டும். எங்கள் முன்னிருந்த இரண்டு செயலிகளில், 2013-இல் வந்த நான்கு கோர்ச் செயலி ஒரு துடிப்பில் செய்யும் வேலை, ஓராண்டே மூத்த எட்டுக் கோர்ச் செயலியினதைவிட அதிகம், மேலும் ஏ.வி.எக்ஸ்.2 என்னும் கட்டளைத் தொகுதி முன்னதில் உண்டு, பின்னதில் இல்லை. பி.சி.எஸ்.எக்ஸ்.2-ஐ இயற்றுவோர் அத்தொகுதியைப் பயன்படுத்திக்கொள்ளுகின்றனர். அவர்கள் வெளியிடும் பரிந்துரையிலும் மொத்த வேக எண் இல்லை. ஒற்றைக் கோரின் மதிப்பெண்ணையே கேட்கிறார்கள்.

அதே பந்தயத்தை முதல் யந்திரத்திலும் போட்டோம். கார்கள் புறப்படும் இடத்தில் ஒலி தெளிவாயிருந்தது. ஆனால் டயர்ப் புகை திரையை நிரப்பும் ஒரு வளைவில் வீதம் 90-க்கு இறங்கியது. பையன் முகம் வாடிற்று. இவ்விடத்தில் ஒரு சிறு சோதனை உண்டு. அதனைத் தெரிந்துவைத்திருப்பது நலம். எமுலேட்டரில், படத்தை மூலப்பெட்டி வரைந்த அளவினும் பன்மடங்கு பெரிதாய் வரையச் செய்யும் வசதி உண்டு. கடைக்காரர் அதை மூன்று மடங்கில் வைத்திருந்தார். நீளத்தில் மூன்று, உயரத்தில் மூன்று, ஆக ஒன்பது மடங்கு புள்ளிகள். அதை ஒரு மடங்காய்க் குறைத்து மீண்டும் அவ்வளைவுக்குச் சென்றோம். வீதம் நூறிலேயே நின்றது. படத்தின் அளவைக் குறைத்தவுடன் தடை நீங்குமாயின் குறை கிராபிக்ஸ் பக்கத்தது. குறைத்தும் நீங்காவிடில் குறை செயலியினது. இரண்டாவது யந்திரத்திலும் இதையே செய்து பார்த்தோம். 82 என்பது 82 ஆகவே இருந்தது. கிராபிக்ஸ் குறையைப் பின்னொரு நாள் சிறிய கார்டு ஒன்று வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். செயலியின் குறையை நிரப்ப யந்திரத்தையே மாற்றவேண்டும்.

மடிக்கணினியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதற் பத்து நிமிஷம் மற்ற இரண்டையும்விட நன்றாகவே ஓடியது. பையனுக்கு அதன்மேல் ஆசையும் வந்தது. அடிப்பாகம் கை வைக்க முடியாதபடி சுட்டபின், 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேலிருந்த வேகம் 2-க்கும் கீழே இறங்கியது, அதன்பின் ஏறவேயில்லை. மெல்லிய உடம்புக்கு வெப்பத்தை வெளியேற்ற வழியில்லை. அரைமணி நேரத்துக்குக் குறைந்த சோதனை, சூட்டைப் பற்றிய வரையில், சோதனையே அன்று.

இனி, முதல் யந்திரத்தையே முடிவு செய்யலாமென்றிருந்த சமயம் ஒரு தடை எழுந்தது. வீதம் நூறு, ஒலி தெளிவு, ஆயினும் சாலையோர மரங்கள் பின்னோக்கி ஓடும்போது ஒரு நடுக்கம் தெரிந்தது. விட்டுவிட்டு, தட்டுத்தட்டாய், மிக நுண்ணியதாய். கடையிலிருந்த இளைஞர் ஒருவர் திரையின் மூலையைச் சுட்டி, "பிரேம் 50-தான் வருகிறது சார், 60 வரவில்லை, இந்த மெஷினுக்கு அவ்வளவுதான் சக்தி" என்றார். கடைக்காரர் உடனே இரண்டாவது யந்திரத்தைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். பையன் என்னைப் பார்த்தான். மூவாயிரம் ரூபாய் கடன் வாங்குவதைப் பற்றி அவன் மனம் யோசிக்கத் தொடங்கிவிட்டதென்று அறிந்தேன்.

பையிலிருந்த தட்டின் உறையை எடுத்துப் பார்த்தேன். பால் என்னும் முறையைச் சேர்ந்த தட்டு என்று அதில் அச்சிட்டிருந்தது. உலகத்துத் தொலைக்காட்சிகள் வண்ணப் படத்தை அனுப்பும் முறையால் பிரிந்திருந்த காலத்தில், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையைத் தீட்டுதல் வழக்கு. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வளைகுடா நாடுகளிலும் இந்தியாவிலும் 50. சார்ஜாவில் வாங்கிய தட்டு 50-க்கென்றே செய்யப்பட்டது. அதில் 60 வரவேண்டுமென்று எதிர்பார்ப்பதே தவறு. 50 வந்தால் அதுவே முழு வேகம். அவகாசமும் பிரேம் ஒன்றுக்கு 20 மில்லிவிநாடி. சில தட்டுகளில் ஆட்டத் தொடக்கத்திலேயே 60-ஐத் தெரிந்துகொள்ள இடமுண்டு; இதில் இல்லை.

அப்படியானால் நடுக்கம் எங்கிருந்து வந்தது? கடையின் திரை விநாடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. வருவன ஐம்பது, காட்டவேண்டுவன அறுபது. ஆகவே ஐந்து பிரேம்களில் ஒன்றை இரண்டு முறை காட்டி இட்டுநிரப்புகிறது. விநாடிக்குப் பத்து முறை இந்த இரட்டிப்பு நேர்கிறது. நின்ற படத்தில் அது தெரியாது. சீராய் ஓடும் மரங்களில் தெரிகிறது. எந்த விலையுயர்ந்த செயலியை வைத்தாலும் அந்தத் திரையில் அந்த நடுக்கம் இருந்தே தீரும். எட்டுக் கோர் யந்திரத்தில் வெறுஞ்சாலையில் மறுபடி ஓட்டி, மரங்களை மட்டும் பார்க்கச் சொன்னேன். அதே நடுக்கம். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை.

பரிகாரம் எளிது. நம் நாட்டில் விற்கும் தொலைக்காட்சிப் பெட்டிகள் 50-ஐ ஏற்றுக்கொள்வன. கணினியின் காட்சி அமைப்பில் 60 என்றிருப்பதை 50 என்று மாற்றி, வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்தால் வந்த பிரேம் வந்தபடியே ஒவ்வொரு முறை தோன்றும். கடையிலேயே சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் அதைச் செய்துகாட்டினோம். மரங்கள் நீரோட்டம்போல ஓடின. அந்த இளைஞர்தாம் முதலில், "அட!" என்றார், நல்ல பிள்ளை, கற்றுக்கொள்ளும் ஆசையுள்ளவர்.

9,500 ரூபாய் கொடுத்தோம். பழைய யந்திரமாகையால் செயலியின்மேல் பூசும் வெப்பக் களிம்பு காய்ந்திருக்கும். அதைப் புதிதாய்ப் பூசித் தரச் சொல்லி 200 ரூபாயும், டிஸ்ப்ளே போர்ட்டை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் சிறு இணைப்புக்கு வேறாகவும் கொடுத்தோம். எஞ்சியதைப் பையன் தாயாரிடமே சேர்த்துவிட்டான்.

புறப்படும் வேளையில் கடைக்காரர் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் நிரம்பிய வட்டு ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாமென்றோம். எமுலேட்டர் செய்வது குற்றமன்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் என்னும் எமுலேட்டர் செய்தோர்மேல் தொடுத்த வழக்கில், பெட்டியின் உள்மென்பொருளை ஆராய்ந்து புதிதொன்று இயற்றியது நியாயமான உபயோகமே என்று தீர்த்தது. பிறர் ஆட்டத்தை விலையின்றி எடுத்துக்கொள்வது வேறு விஷயம். 2024 மார்ச்சில் யூசு என்னும் எமுலேட்டரை இயற்றியோர், நின்டெண்டோவோடு நேர்ந்த வழக்கை முடித்துக்கொள்ள 24 இலட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு, தம் வேலையையும் நிறுத்த நேர்ந்தது. எங்களிடம் தட்டுகள் சொந்தம், பெட்டியும் சொந்தம். லென்ஸ் தேய்ந்ததேயொழிய, எமுலேட்டருக்கு இன்றியமையாத பயாஸ் என்னும் உள்மென்பொருள் பெட்டிக்குள் பழுதின்றி இருந்தது. மெமரி கார்டு வழியே அதைப் பையன் முன்பே எடுத்துவைத்திருந்தான். அந்தச் சாமர்த்தியத்தை யான் அவனுக்குக் கற்பிக்கவில்லை.

பதினொரு தட்டுகளில் ஒன்பது வீதம் நூறில் ஓடுகின்றன. ஒன்றில், சில இடங்களில் படத்தின் அளவை ஒரு மடங்குக்கே குறைத்தாக வேண்டியிருக்கிறது. மற்றொன்று விசித்திரமானது. அதில் பெரும் பாலம் ஒன்று இடிந்து விழும் காட்சியில் படம் தயங்கித் தயங்கி நகர்கிறது; எமுலேட்டரோ வீதம் நூறு என்றே காட்டுகிறது; ஒலியும் அறுபடவில்லை. இவ்வாறு நேர்வது புதிதன்று. 2005-இல் வந்த ஷாடோ ஆப் தி கொலோசஸ் என்னும் பேர்பெற்ற ஆட்டம், மூலப்பெட்டியிலேயே விநாடிக்கு 30 பிரேமும் எட்டாமல் அடிக்கடி திணறியது. எமுலேட்டர் உண்மையாய் நடித்தால் அந்தத் திணறலையும் சேர்த்தே நடிக்கும். பாவனைச் செயலியின் வேகத்தை மூலத்தினும் கூட்டி வைத்து அதைப் போக்கலாம்; சில ஆட்டங்களில் அது பலிக்கும், சிலவற்றில் வேறு கோளாறு விளைக்கும்.

இந்தப் பாலத்தின் தயக்கம் எதைச் சேர்ந்தது என்று அறிய எங்களிடம் வேறு கருவி இல்லை. அவன் தந்தையாரையே கேட்டோம். அவர் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, அவ்விடம் வரும்வரை ஆடிப் பார்த்து, "ஆமாம், இந்த இடத்தில் அந்தப் பெட்டியும் இப்படித்தான் நிற்கும்" என்றார். பையன் வேகத்தைக் கூட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். "வேண்டாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே ஆடத் தொடங்கினார்.